கூரையிலிருந்து இறங்கும் குழாய்கள்

வீடுகளுக்குக் கரண்ட் வேலை செய்வதை நான் விட்டு வெகுகாலம் ஆகிறது. இப்போது என் வேலையெல்லாம் பெரிய கட்டடங்களில்தான். ஜவுளிக்கடை, தறிப்பட்டறை, லாரிக்குக் கூடு கட்டும் பட்டறை, தீவனக் குடோன். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் எங்கே உயரமாக ஒரு தகரக் கூரை எழும்பினாலும், கொஞ்ச நாளில் அதன் கீழே என் மோட்டார் சைக்கிள் நிற்கும்.

இந்த இடங்களில் எல்லாம் சிக்கல் ஒன்றுதான். மிஷின் நடுத்தரையில் நிற்கும். பக்கத்தில் சுவர் இருக்காது, தூண் இருக்காது. தரையைத் தோண்டி ஒயர் கொண்டுபோகலாம் என்றால் அடுத்த வருஷமே மிஷினை வேறு பக்கம் திருப்பிப் போடுவார்கள். அதனால் கரண்ட் மேலேயிருந்துதான் வர வேண்டும். கூரைக்கடியில் ஓடும் ஒயரிலிருந்து ஓர் இரும்புக் குழாயை நேராகக் கீழே இறக்கி, அதன் முனையில் பிளக் பெட்டி வைப்போம். அதற்கு டிராப் என்று பெயர். கடைக்குள் வருகிற யாரும் அதைப் பார்ப்பதில்லை. பார்க்கும்படி இருந்தால் நான் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம்.

குழாயை இறக்குவது பெரிய காரியமில்லை. அதைத் தாங்க வைப்பதுதான் வேலை. இருபதடிக் குழாய் மேலே ஒரு பெட்டியின் மரையை மட்டும் நம்பித் தொங்கினால், கீழே ஒருவர் பிளக்கைப் பிடுங்கும் ஒவ்வொரு தடவையும் மேலே அந்த மரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ஒருநாள் கழன்று வந்துவிடும். பெட்டிக்கு ஒயரைக் காப்பாற்றுவது மட்டுமே வேலை. பாரத்தைச் சுமக்க வேண்டியது கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம். ட்ரஸ் என்று நாங்கள் சொல்லும் அந்தச் சட்டத்தைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி இரண்டு கிளாம்பு போட்டு, குழாயை அவற்றில் முடுக்க வேண்டும். அப்புறம் ஆட்டம் இருக்கக் கூடாது. ஒரு வரிசையில் இறங்கும் குழாய்களை எல்லாம், தலைக்கு மேலே எட்டாத உயரத்தில், குறுக்கே ஓர் இரும்புப் பட்டையால் சேர்த்துக் கட்டி, அந்தப் பட்டையையும் ட்ரஸ்ஸிலிருந்து கம்பி விட்டுத் தொங்கவிட வேண்டும். அப்போது ஒரு குழாயை இழுத்தால் எல்லாமாகச் சேர்ந்து அந்த இழுப்பை வாங்கிக்கொள்ளும்.

இது இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை. கீழிருப்பவன் குழாயின் முனையைப் பிடித்து, நேராக இறங்குகிறதா என்று தூக்குநூல் விட்டுப் பார்ப்பான். மேலிருப்பவன் கிளாம்பை முடுக்குவான். ஒருவன் சாரத்தில் ஏறும்போது மற்றவன் அதைப் பிடித்துக்கொள்வான். எனக்கும் அப்படி ஒரு கூட்டாளி வெகுநாள் இருந்தான். என் வயதுதான். என்னைப் போலவே கல்யாணம் ஆகாதவன். எங்கள் பக்கத்தில் அது ஒரு அதிசயம் இல்லை. கொஞ்சம் மானாவாரிக் காடு, மாசச் சம்பளம் இல்லாத வேலை என்றால் பெண் கிடைக்காது. நாற்பதைத் தாண்டியும் தனியாக இருக்கிறவர்கள் எங்கள் ஊரில் மட்டும் நாலைந்து பேர். கோயிலில் கும்பாபிஷேகம் என்றால் ஓடியாடி வேலை செய்வதற்கு நாங்கள்தான் கிடைப்போம்.

ஒரு தரகர் அவனைப் பாலக்காட்டுப் பக்கம் கூட்டிப்போய் ஒரு பெண்ணைக் காட்டினார். இரண்டு மாதத்தில் கல்யாணம். வேனில் நாங்கள் போய்விட்டு வந்தோம். அந்தப் பெண்ணுக்கு அண்ணன் தம்பி கிடையாது, அப்பாவுக்கு உடம்பு முடியாது. அவன் அங்கேயே தங்கிவிட்டான். முதலில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டுப் பேசினான். குழந்தை பிறந்தபின் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் படம் அனுப்புகிறான். படத்தில் எப்போதும் குழந்தைதான் இருக்கும்.

அவனுக்குப் பதிலாக வேறு ஆளை வைத்துப் பார்த்தேன். யாரும் நிலைக்கவில்லை. வந்தவர்களுக்கு உயரம் பிடிக்கவில்லை, அல்லது என்னோடு பேச்சில்லாமல் ஒரு நாளை ஓட்டுவது பிடிக்கவில்லை. கடைசியில் தனியாகவே செய்யப் பழகிக்கொண்டேன். கீழே நிற்க ஆளில்லாததால் குழாயின் முனையில் ஒரு குண்டைக் கட்டிவிடுவேன். அது நேராக நின்றதும் மேலே ஏறி முடுக்குவேன். சக்கரம் வைத்த சாரத்தை வாடகைக்கு எடுத்து, நானே தள்ளி, நானே பூட்டி, நானே ஏறுவேன்.

எனக்குப் பெண் பார்க்கும் வேலையை அம்மா இருந்தவரை அவர்தான் பார்த்தார். கடைசியாகப் போனது ராசிபுரத்துப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. நல்ல மனிதர்கள். பஜ்ஜியும் காப்பியும் கொடுத்தார்கள். பெண்ணின் அப்பா என் தோளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மாப்பிள்ளைக்கு வேலை கீழீங்களா, மேல ஏறியுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "என்னுங்க பெரிய ஒசரம்? ஊட்டுல வெள்ளையடிக்கற ஏணி இருக்குதல்லங்க, அத்தனைதான்."

கேட்டவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பொய் வரவில்லை. "முப்பதடி வரைக்கும் ஏறுவேனுங்க" என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் நிறுத்தத்தில் இறங்கி, நடக்க ஆரம்பித்தபின்தான் பேசினார். "உன்னைய ஆரு அளந்து சொல்லச் சொன்னா?"

சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அதற்கு அடுத்த மாசியில் அம்மா போய்விட்டார். அதன்பின் எனக்காக யாரும் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. மேச்சேரியில் கட்டிக்கொடுத்த அக்கா ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு மாமியார், கொழுந்தன்மார், பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆட்கள். காலையில் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய், சாயங்காலம் அதே சாவியால் திறந்துகொண்டு உள்ளே வருவேன். இடையில் வீட்டில் எதுவும் இடம் மாறியிருக்காது. காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். முதலில் அதுதான் என்னவோ போல் இருந்தது.

நான் சொல்ல வந்த நாள் ஒரு ஆடிப் பதினெட்டு. நாமக்கல்லுக்கு இந்தப் பக்கம், பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு தீவனக் குடோனைத் தையல் கம்பெனியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். கழுவித் துடைத்து வெள்ளையடித்த பின்னும் உள்ளே மக்காச்சோளத் தூசியும் கருவாட்டுத் தூளும் கலந்த வாசம் போகவில்லை. கூரை நல்ல உயரம். மூட்டை அடுக்குவதற்காகக் கட்டியது. நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. அந்த அகன்ற தரையில் வரிசை வரிசையாகத் தையல் மிஷின் வரப்போகிறது. ஒவ்வொரு ஜோடி மிஷினுக்கும் மேலேயிருந்து ஒரு டிராப்.

கம்பெனியை நடத்தப்போவது குடோன் முதலாளி வீட்டு அம்மாதான். கணக்கு, ஆள் பிடிப்பது எல்லாம் அவரே. நான் முதல் வரிசைக்கு இரும்புப் பட்டையும் தொங்கு கம்பியும் போட்டு முடித்ததும் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க, இத்தனை கம்பி எதுக்குங்க? துணி காயப்போடற கொடி மாதரயே இருக்குதுங்களே."

நான் பட்டை போட்ட வரிசையில் ஒரு குழாயைப் பிடித்து ஆட்டிக் காட்டினேன். அடுத்த வரிசையில் பட்டை இல்லாமல் வெறுமனே தொங்கிய ஒன்றையும் ஆட்டிக் காட்டினேன். அது ஊஞ்சல் மாதிரிப் போய்வந்தது.

"செரிங்க, கம்பி இருக்கட்டும். ஆனா கருப்பா இருக்கறதுதான் கண்ணை உறுத்துது. கூரைக்கு அடிச்ச வெள்ளையையே அதுக்கும் அடிச்சிருங்க. தெரியாமப் போயிரும்" என்றார்.

எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. அடித்துப் பார்த்தேன். அவர் சொன்னபடியே பட்டையும் கம்பியும் கூரைக்குள் கரைந்துபோயின. கீழே இறங்கி நின்று பார்த்தபோது என் கண்ணுக்கே தேட வேண்டியிருந்தது.

பதினெட்டுக்கு முந்தின நாள் அக்கா கூப்பிட்டாள். "நாளைக்கு வந்துருடா. அல்லாரும் ஆத்துக்குப் போறோம்." நான் வேலை அவசரம் என்றேன். அவசரம் ஒன்றும் இல்லை. அங்கே போனால் அவள் கொழுந்தன்மாரும் அவர்கள் மனைவிமாரும் இருப்பார்கள். யாராவது ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், "எங்கயாச்சும் அமைஞ்சுதுங்களா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின் எல்லோரும் ஒரு கணம் தட்டைப் பார்ப்பார்கள். அதைவிடக் கூரையில் இருப்பது எனக்குச் சுலபம்.

காலையில் போனபோது கம்பெனியில் யாரும் இல்லை. வாட்ச்மேன் குடும்பத்தோடு மோகனூர் ஆற்றுக்குப் போயிருந்தார். சாவியை முதலாளியம்மா முந்தின நாளே கொடுத்திருந்தார். ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, செல்போனைச் சுவரோரம் சார்ஜில் போட்டேன். சாப்பாட்டுப் பையை அதன் பக்கத்தில் வைத்தேன். அப்போதெல்லாம் உயரத்தில் நான் செல்போன் வைத்துக்கொள்வதில்லை. ஒன்று சட்டைப்பையிலிருந்து விழுந்து நொறுங்கியிருக்கிறது. சாரத்தைக் கடைசி வரிசைக்குத் தள்ளிப்போய் சக்கரங்களைப் பூட்டினேன்.

ஆடிக் காற்று வெளியே சுழற்றிச் சுழற்றி அடித்துக்கொண்டிருந்தது. மேலே தகரம் படபடவென்று அடித்தது. சாரத்தின் உச்சியில் நின்று முன்பக்கக் கிளாம்பை முடுக்கி முடித்தேன். பின்பக்கத்துக் கிளாம்பு ட்ரஸ்ஸுக்கு அந்தப் பக்கம் இருந்தது. சாரத்திலிருந்து கை எட்டவில்லை. பெல்ட்டை ட்ரஸ்ஸில் மாட்டிக்கொண்டு, சாரத்தின் பலகையை ஒரு காலால் உந்தி, சட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்தேன். எத்தனையோ தடவை செய்ததுதான்.

கிளாம்பை முடுக்கிவிட்டுத் திரும்பினால் சாரம் அங்கே இல்லை. என் உந்தலில் நகர ஆரம்பித்து, கழுவி விடுவதற்காகத் தரையில் கொடுத்திருந்த சரிவில் தானாகவே போய்க்கொண்டிருந்தது. ஒரு சக்கரத்தின் பூட்டு தேய்ந்திருக்க வேண்டும், மற்றவை வழவழப்பான தரையில் பிடிப்பில்லாமல் இழுபட்டுப் போயின. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. இரண்டு ட்ரஸ்ஸுக்கு நடுவே, எந்த இரும்பிலிருந்தும் கால் எட்டாத இடமாகப் பார்த்து நின்றது. என் கயிறு, சாமான் பை, தண்ணீர் எல்லாம் அதன் பலகையில் இருந்தன.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கூட்டாளி இருந்திருந்தால் கீழே நின்று கேலி செய்தே என்னைக் கொன்றிருப்பான். அப்புறம் யோசிக்க ஆரம்பித்தேன். ட்ரஸ்ஸின் மேலேயே தவழ்ந்து சுவரோரம் போனேன். சுவர் புதிதாகப் பூசி மழமழவென்று கிடந்தது. பிடிக்க ஒரு ஆணி இல்லை. திரும்பத் தவழ்ந்து நடுவுக்கு வந்தேன். கத்திப் பார்த்தேன். தகரத்தின் படபடப்பில் என் குரல் எனக்கே பாதிதான் கேட்டது. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கையிலிருந்த ஸ்பேனரை ஷட்டரைப் பார்த்து வீசினேன். டமார் என்று பட்டு விழுந்தது. கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. ஸ்பேனர் போனதுதான் மிச்சம்.

செல்போன் அடித்தது. சுவரோரம் அது வெளிச்சம் போட்டு அதிர்வது எனக்குத் தெரிந்தது. அக்காவாக இருக்கும் என்று நினைத்தேன். ஆற்றங்கரையிலிருந்து கூப்பிடுகிறாள். எடுக்கவில்லை என்றால் வேலையாக இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வாள். அடித்து ஓய்ந்தது. கொஞ்சம் கழித்து மறுபடியும் அடித்தது. யாரோ என்னை இப்படி விடாமல் தேடுகிறார்கள் என்பதே, அந்த நிலைமையிலும், ஒரு மாதிரி ஆறுதலாக இருந்தது.

வெயில் ஏற ஏறத் தகரத்தின் சூடு முதுகில் இறங்கியது. ட்ரஸ்ஸின் மேலெல்லாம் பழைய தீவனத் தூசி மாவு மாதிரிப் படிந்திருந்தது. அதில் புறா நடந்த தடம் இருந்தது. என் தொடை மரத்துப்போனது. அப்போதுதான் எதிரே இருந்த குழாயைப் பார்த்தேன். நான் இறக்கிய டிராப். அந்த வரிசைக்குப் பட்டையும் முந்தின நாளே போட்டாகிவிட்டது. ட்ரஸ்ஸுக்குக் கீழே கால் எட்டும் தூரத்தில் ஓடிய அந்தப் பட்டையில் கால் வைத்து, அங்கிருந்து குழாயைக் கட்டிப்பிடித்துச் சறுக்கினால் தரைக்குப் போய்விடலாம். அந்தக் குழாய் தன் பாரத்தையும் கீழே பிளக் பிடுங்குகிறவர்களின் இழுப்பையும் தாங்குவதற்காகப் போட்டது. ஒரு ஆளைத் தாங்குமா என்று நான் கணக்குப் பார்த்ததில்லை. தாங்கும் என்றுதான் தோன்றியது. கிளாம்பு என் கையால் முடுக்கியது.

பெல்ட்டைக் கழற்றாமலே ஒரு காலைப் பட்டையின் மேல் வைத்து மெல்ல அழுத்தினேன். அசையவில்லை. இரண்டாவது காலையும் வைத்தேன். அப்போதும் அசையவில்லை. இனி பெல்ட்டைக் கழற்றினால் போதும். கொக்கியில் கை வைத்தேன்.

கை நின்றுவிட்டது. குழாயின் மேல் சந்தேகம் வந்து நிற்கவில்லை. கை வழுக்கி விழுந்தால் காலோ இடுப்போ போகும், அவ்வளவுதானே என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான், விழுந்தால் அந்தத் தரையிலேயே கிடக்க வேண்டும் என்பது புரிந்தது. பண்டிகைக்குப் போனவர்கள் திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கும்வரை கிடக்க வேண்டும். ராத்திரி நான் வீட்டுக்குப் போகவில்லை என்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. வீடு பூட்டியிருக்கும். பூட்டியிருக்கிற வீட்டைப் பார்க்கிறவர்கள் நான் வேலைக்குப் போயிருக்கிறேன் என்று நினைப்பார்கள். அம்மா போன நாளில்கூட இது எனக்கு இப்படித் தோன்றியதில்லை. காலை மேலே இழுத்துக்கொண்டு மறுபடியும் சட்டத்தின் மேல் உட்கார்ந்தேன்.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. ஷட்டருக்கு அடியில் ஒரு நிழல் அசைந்தது. ஒரு ஆடு தலையை உள்ளே நீட்டியது. மெல்லிய சிவப்பு நிறத்து மேச்சேரி இனச் செம்மறி ஆடு. நிழலைக் கண்டதும் உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே மற்றவை ஒவ்வொன்றாகக் குனிந்து நுழைந்து, குளிர்ந்த தரையில் கூட்டமாக நின்றன. தரையில் மிச்சமிருந்த வாசத்தை மோந்து பார்த்தன. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். ஆடு இருந்தால் ஆளும் இருக்க வேண்டும்.

"ட்ரிய்ய்... ட்ரிய்ய்... இங்க என்னத்தக் கண்டீங்க? தீவனம் இருந்தப்பப் பழகுன வாசம் இன்னும் உட மாட்டீங்குதா?" என்று திட்டிக்கொண்டே ஒரு அம்மா உள்ளே வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் துண்டு, கையில் நீளக் குச்சி.

"ஏனுங்க" என்றேன்.

அவர் அப்படியே நின்றார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், பின்னால் பார்த்தார். குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஆருங்க அது?"

"மேலீங்க. மேல பாருங்க."

அண்ணாந்தார். "அட சாமி! அங்க என்ன பண்றீங்க?"

"கரண்ட் வேலைங்க. சாரம் தள்ளிப் போச்சுதுங்க. கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உடறீங்களா?"

"எப்பப் புடிச்சு இருக்கறீங்க?"

"காத்தாலீங்க."

"அட ஆண்டவா. ஊட்டுல தேட மாட்டாங்களா?"

"ஊட்டுல ஆருமில்லீங்க."

இதைச் சொன்னால் எல்லோரும் ஒரு 'அடடா' சொல்வார்கள். அவர் சொல்லவில்லை. "அப்ப நானும் வராமப் போயிருந்தா?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சாரத்தின் பக்கம் போனார்.

தள்ளினார். நகரவில்லை. "வரமாட்டீங்குது சாமி. கால்ல என்னமோ புடிக்குது."

"சக்கரத்துக்கு மேல நாக்கு மாதர ஒண்ணு இருக்கும்ங்க. அதை மேல தூக்கி உடுங்க. எல்லாச் சக்கரத்துக்கும் இருக்கும்."

கையால் முடியாமல், குச்சியை எடுத்துவந்து நெம்பினார். ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு, தோளைக் கொடுத்துச் சரிவில் மேல் நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தார். ஆடுகள் விலகி வழிவிட்டன. சாரம் என் காலுக்கு நேராக வந்து நின்றதும் நாக்குகளைக் காலால் மிதித்து இறக்கினார்.

"நான் புடிச்சுக்கறேன். பாத்து, நிதானமா எறங்குங்க."

குனிந்து பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் சாரத்தின் குழாயைப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி ஊன்றி, அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டாளி போனபின் என் சாரத்தை ஒருவரும் பிடித்ததில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பலகையில் கால் வைத்தேன். ஒவ்வொரு படியாக இறங்கினேன். கால் தரையில் பட்டதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இடுப்பிலிருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீர். முழுவதும் குடித்துவிட்டேன். குடித்த பிறகுதான் அவருக்கு வைக்கவில்லை என்பது தெரிந்தது.

"பரவால்ல சாமி. ஊடு பக்கந்தான்."

"நீங்க ஆத்துக்குப் போகலீங்களா?"

"ஆடு வெச்சிருக்கறவங்க எங்கீங்க போறது? அல்லாரும் போயிருக்கறாங்க. பாட்டல்ல ஆத்துத் தண்ணி கொண்டாந்து என்ற தலையில தெளிச்சு உடறேன்னிருக்கறாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் போய்விடக் கூடாது என்று எனக்கு இருந்தது. "சோறு இருக்குதுங்க, ரண்டு பேருமாத் திங்கலாம்" என்றேன். சாப்பிட்டாகிவிட்டது என்றார். ஆடு எத்தனை என்று கேட்டேன். குட்டி போட்டிருக்கிறதா என்று கேட்டேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். இரண்டு ஆடுகள் அதற்குள் வெளியே போயிருந்தன.

"ரோட்டுக்குப் போயிருமுங்க. நான் போயிட்டு வாரேன். இன்னைக்கு மறுக்கா மேல ஏறாதீங்க சாமி."

குனிந்து ஷட்டருக்கு அடியில் போய்விட்டார். கொஞ்ச நேரம் வெளியே அவர் குரல் கேட்டது. பிறகு காற்றுச் சத்தம் மட்டும்தான். பேர்கூடக் கேட்கவில்லையே என்று நினைத்தேன்.

எழுந்து போய் செல்போனை எடுத்துப் பார்த்தேன். விடாமல் அடித்தது அக்கா இல்லை, ஏதோ ஒரு தெரியாத எண். அதைக் கூப்பிட்டேன். ஏதோ ஒரு கம்பெனிக்காகப் பதிவு செய்து வைத்த பெண் குரல், தமிழில் தொடர ஒன்றை அழுத்தவும் என்றது. சுவரோரம் உட்கார்ந்து பையைப் பிரித்துச் சாப்பிட்டேன். நல்ல பசி.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, நான் இறங்கிவிடலாம் என்று நினைத்த அந்தக் குழாயின் அடிக்குப் போனேன். கையை உயர்த்தி அதைப் பிடித்து, காலை மடக்கி, முழு உடம்பையும் விட்டுத் தொங்கினேன். மேலே ஒரு சத்தமும் இல்லை. பட்டை வளையவில்லை. கம்பி அதிரவில்லை. இரண்டு மூன்று தடவை உந்திப் பார்த்தேன். தாங்கியது. காலையில் இறங்கியிருந்தாலும் தாங்கியிருக்கும். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சுற்றிப் பார்த்தேன். தரையில் ஆட்டுப் புழுக்கை கிடந்தது. அதைக் கூட்டித் தள்ளிவிட்டு, ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

கம்பெனி ஆவணியில் திறந்தார்கள். முதல் நாள் மெயினைப் போடுவதற்கு நான் போயிருந்தேன். சுற்று ஊர்ப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லா மிஷினும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்ததும் தரை லேசாக அதிர்ந்தது. நான் மட்டும் மேலே பார்த்தேன். குழாய்கள் நூல் பிடித்தது போல நின்றன. அடுத்த வாரம் ஒரு பல்பு மாற்றப் போனபோது, தங்கள் இடம் மாறிவிடாமல் இருக்க அந்தப் பெண்கள் ஆளுக்கொரு துணித்துண்டைத் தங்கள் தலைக்கு மேலிருந்த குழாயில் கட்டி வைத்திருந்தார்கள். பச்சை, ரோஸ், கட்டம் போட்டது. முதலாளியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

நடந்ததை நான் அக்காவிடம் சொல்லவில்லை. கார்த்திகை வாக்கில் அவள் மாமனார் காரியத்துக்குப் போயிருந்தபோது, எல்லோரும் கலைந்தபின், சமையல்கட்டில் அவள் எனக்குத் தனியாகச் சோறு போட்டாள். அப்போது ஏதோ பேச்சில் வந்துவிட்டது. சிரிப்பாகத்தான் சொன்னேன். ஆடுகள் வந்த இடத்தை நன்றாக இழுத்துச் சொன்னேன். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சிரிக்கவில்லை.

"அந்தம்மா வராமப் போயிருந்தா என்னடா பண்ணியிருப்ப?"

"அடுத்த நாள் ஆராச்சும் வந்திருப்பாங்க."

"வாயை மூடு." முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "இனிமேட்டுக்குத் தெனமும் காத்தால எந்த ஊர்ல வேலைன்னு எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போகோணும். ஃபோன் பண்ண வேண்டாம். பேசி அனுப்பி உடு. நான் கேட்டுக்கறேன்."

அன்றிலிருந்து வண்டியை எடுக்குமுன் செல்போனில் இரண்டு வார்த்தை பேசி அனுப்புகிறேன். இன்னைக்குத் திருச்செங்கோடு, தறிப்பட்டறை. இன்னைக்குக் கொண்டப்பநாயக்கன்பட்டி, கார் ஷோரூம், ஒசரம் அதிகம். அவள் பதில் போடுவதில்லை. கேட்டுவிட்டாள் என்பதற்கு அடையாளம் மட்டும் வரும். சில நாள் அதுவும் சாயங்காலம்தான் வரும். அவள் வீட்டில் வேலை அப்படி.

போன மாதம் ஒருநாள் அனுப்ப மறந்துவிட்டேன். அஸ்தம்பட்டியில் ஒரு ஜவுளிக்கடை. மூன்று மாடி உயரத்துக்கு நடுவில் திறந்த கூடம். பில் போடும் மேஜைக்கு டிராப் இறக்கிக்கொண்டிருந்தேன். உச்சியில் நின்று கிளாம்பு முடுக்கும்போது சட்டைக்குள் செல்போன் அதிர்ந்தது. இப்போதெல்லாம் அதை ஒரு பைக்குள் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன்.

"எங்கடா இருக்கற?"

அக்காதான். கீழே கடைப் பையன்கள் பொம்மைகளுக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சேலத்துல. அஸ்தம்பட்டி. மேல இருக்கறேன்."

"எறங்குனதும் கூப்புடு."

சாயங்காலம் இறங்கியதும் கூப்பிட்டேன். பின்னால் குக்கர் விசில் அடித்தது, பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எறங்கிட்டயா? செரி செரி. அடுப்புல கெடக்குது, அப்பறமாப் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். நான் கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டேன். ஏற்காடு ரோட்டில் வண்டிகள் இடைவெளி விடுவதற்காகக் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் வீட்டுப் பக்கம் திரும்பினேன்.